கீறல் இல்லை, கால்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மறு வருஷம், மாசி மாதம், வெள்ளி இரவு. நான் சொல்ல மகள் ரோசம்மாள் எழுதுகிறாள்.

மருமகன் அருள் கொழும்பிலிருந்து கிராமபோன் ஜாஸ் பிளேட் ஒன்று கொண்டுவந்திருக்கிறான். என்னிடம் இருக்கிற பழைய டிரம்பெட் பாட்டுத்தான். அன்றைக்கு வாசித்ததையே புதிதாகப் பதித்து விற்கிறார்களாம்.

பழைய பிளேட்டில் டிரம்பெட்டுக்கு அடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வரும். கொழும்பு ஹோட்டலில் என்னோடு வேலை பார்த்த பிச்சை அதைக் கீறல் என்றான். இரும்பு ஊசியை எடுத்துவிட்டு உடைமரத்து முள்ளைச் சீவிச் சீவி மாட்டிப் பார்த்தோம். சத்தம் போகவில்லை.

எங்களோடு அங்கே வேலை பார்த்த சவரிமுத்து மட்டும், "கீறல் இல்லப்பா, ஊதுறவன் காலால தட்டுறான்" என்றான்.

"ஏலே, ஒனக்குக் காலும் தெரியுதாக்கும்? பூட்ஸ் என்ன நெறம்னு சொல்லு" என்றான் பிச்சை. எல்லோரும் சிரித்தோம். சாகும்வரை சவரி தன் பேச்சை மாற்றவில்லை.

புது பிளேட்டில் இரைச்சலே இல்லை. ஆனால் அதே இடத்தில் அதே டொக் டொக். பலகைத் தரையில் கால் விழுவது தெளிவாகக் கேட்கிறது. எந்தச் சீமையிலோ எவனோ தட்டிய கால், என் வீட்டுக்குள் கேட்கிறது. திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

விடிந்ததும் பிளேட்டோடு தொண்டிக்குக் கிளம்ப வேண்டும். அன்று கூட இருந்து கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது பிச்சை ஒருத்தன்தான்.