தேயிலைச் சாம்பல் பச்சை

மே 6, திங்கள்
விடியலிலிருந்து மழை. கொட்டகை மூலையில் மறுபடி ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று. பேக்கரி வாசலில் பாண் கியூவில் ஒரு மணி நேரம். என் முறை வந்தபோது பாண் இல்லை.

கண்டியில் கண்காட்சி 18ஆம் தேதி. அழைப்பிதழில் என் பெயர் மட்டும். பதினொரு வருடம் பீங்கான் தொழிற்சாலையில் யாரோ வரைந்த ரோஜாப்பூவைத் தட்டுத் தட்டாக ஒட்டியவள் நான். வேலையை விட்டு நான்கு வருடம். இதற்குமுன் இரண்டு கண்காட்சி, இரண்டிலும் மற்றவர்கள் ஜாடிகளுக்கு நடுவே ஓரமாய் என் ஜாடி.

கொட்டகை அண்ணனுடையது. கண்காட்சி வரைக்கும் என்று பேச்சு. "சரிவரலைனா மிளகு மூட்டை அடுக்கணும் தங்கச்சி, கோவிச்சுக்காத." தொழிற்சாலைக் கடிதமும் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. திரும்பி வரலாமாம். ரோஜாப்பூ காத்திருக்கிறது.

மே 7, செவ்வாய்
எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன், சாம்பலுக்கு. ஜாடிகளில் பூசிச் சுடும் என் பச்சைப் பூச்சுக்கு உயிரே அதுதான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி மட்டும் எரிந்த அடுப்புச் சாம்பல். நான்கு வருடமாக அங்கே கொழுந்து பறிக்கும் ராமாயி அக்கா சேர்த்துக் கொடுத்தார். போன மாதம் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த காம்பராவில் பூட்டு. நான் கொடுத்த சின்னக் கூஜாவைச் சேலையில் சுற்றி எடுத்துப் போனாராம்.

அடுத்த காம்பரா செல்லம்மா ஒரு சாக்கு நிறைய வைத்திருந்தாள். "ராமாயி பெரியம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க, அக்காவுக்குச் சாம்பல் குடுனு. இந்த மழைக்கு இது நல்லா கேக்கும்க்கா." பஸ் ஹாரன். சரி சரி என்று ஓடிவந்தேன்.

சலித்தேன். வழக்கத்தைவிட வெளுப்பு. நன்றாக எரிந்திருக்கும்.

இந்தச் சாம்பலைப் பூசிச் சோதனை வில்லை ஒன்று சுட்டுப் பார்க்க வேண்டும். நாள் எங்கே இருக்கிறது. விட்டேன்.

மே 9, வியாழன்
நேற்று மூட்டிய சூளை. நாற்பத்திரண்டு உருப்படி உள்ளே. விறகு ஈரம், ஒரே புகை. ஸ்டோன்வேர் கல்லாய் இறுக வேண்டும், சட்டிபானை போல அரை நாளில் ஆகாது. இன்று மாலை ஐந்துக்குச் சூளை வாயை அடைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

மே 11, சனி
திறந்தேன்.

பூச்சு எல்லாம் வழிந்து, எல்லாம் சூளைக்குள் அடுக்கிய கல்பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது. உளியால் நெம்பினால் அடி பெயர்ந்து வருகிறது. தப்பியது: இரண்டு கோப்பை, ஒரு மூடி. மூடிக்குரிய ஜாடி போய்விட்டது.

வழிந்து தேங்கிய இடத்தில் அந்தப் பச்சை. இத்தனை வருடம் தேடிய பச்சை. பலகையில்.

இந்த மழையில் புதிதாய்ச் செய்து காயவே மூன்று வாரம். முடிந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒரு வில்லை சுட்டிருந்தால் போதும். ஒரே ஒரு வில்லை.

மே 12, ஞாயிறு
மறுபடி எல்கடுவ. நன்றாகத் திட்டுவது என்றே போனேன். செல்லம்மா முகமெல்லாம் சிரிப்பாய் வந்தாள்.

"சாம்பல்ல என்ன சேர்த்தே?"

"சுண்ணாம்புதான்க்கா. சரிபாதி. மண்ணு தோண்ட ஓடைக்குப் போவீங்கனு பெரியம்மா சொன்னாங்க. நாங்க கொழுந்துக்குப் போறப்ப அட்டை கடிக்காம கால்ல இதைத்தான் பூசுவோம். அட்டை ஏறுச்சா?"

சுண்ணாம்பு. அதுதான் பூச்சை இப்படி உருக்கியிருக்கிறது.

பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏறல செல்லம்மா" என்றேன்.

"அப்ப இன்னொரு சாக்கு தாறேன். இப்பவே எடுத்துக்கங்க, எங்க பேரும் இந்தியா போற லிஸ்டுல வந்திருச்சு."

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மே 13, திங்கள்
மழை விட்டிருக்கிறது. கண்டிக்குத் தந்தி: கண்காட்சி இல்லை. தொழிற்சாலைக்குக் கடிதம்: வருகிறேன். இரண்டையும் ஒரே நடையில் முடித்தேன்.

மத்தியானம் அண்ணன் வந்தார். பலகைகளைப் பார்த்தார். கயிறு பிடித்துச் சுவரை அளந்தார். மூலைச் சாக்கைக் காலால் தொட்டார்.

"இது என்ன, சூளைக்கா?"

"அட்டைக்கு" என்றேன்.