ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால்

திண்டுக்கல்
4.12.1998

அன்பு நண்பன் பெருமாள்சாமிக்கு,

செபஸ்தியான் எழுதுவது. நானும் இஞ்ஞாசியம்மாளும் சுகம். உன்னைச் சுகமா என்று கேட்க மனம் வரவில்லை.

உன் மகள் அறிவுச்செல்வி போன் செய்தாள். சர்க்கரைப் புண் கறுத்துக் கணுக்கால்வரை ஏறிவிட்டதாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று மதுரை டாக்டர் சொல்லியும் நீ ஒப்புக்கொள்ளவில்லையாம்.

நான் யாருக்கும் புத்தி சொல்லிப் பழகாதவன். முப்பத்து நான்கு வருடம் பூகோளம் நடத்தினேன். பிள்ளைகளைக் கேள்வி கேட்கக்கூடத் தயங்குவேன். என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ ஏன் சம்மதிக்க வேண்டும் என்று மூன்று காரணங்களைத் தனித் தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. நீ இருக்க வேண்டும், பெருமாள்.

இப்படிக்கு,
செபஸ்தியான்


நத்தம்
10.12.1998

ஏலே வாத்தியாரே,

ஒன் கடுதாசி கெடச்சுச்சு. கால் போனாப் போகட்டும்னு சுளுவா எழுதிட்ட. ஒனக்கென்ன, நாற்காலியிலயே காலத்த ஓட்டுனவன்.

எம் மக மூணு வயசுல காய்ச்சல்ல பேச்சுமூச்சில்லாமக் கெடந்தப்ப, இருபத்தஞ்சு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வாரேன்னு நேந்துக்கிட்டேன். இருபத்திநாலு முடிஞ்சது. வருஷா வருஷம் ஒன் வீட்டு வாசல்ல ஒக்காந்து, தங்கச்சி ஊத்துற வெந்நியில காலை வச்சுட்டுத்தான போவேன்? மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அது முடியாம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்.

ஒரு வழி இருக்கு. எனக்குப் பதிலா நீ நட. நத்தத்துல இருந்து வேணாம், ஒன் வாசல்ல இருந்து போதும். நீ வேதக்காரன், மலை ஏறிக் கும்பிடணும்னு இல்ல. அடிவாரம் வரைக்கும் நட. நடந்து முடிச்சேன்னு நீ எழுதுன வாரமே காலை நீட்டிர்றேன். அதுவரைக்கும் ஊசி போட்டுப் பாக்கலாம்னு டாக்டர் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்காரு.

பெருமாள்சாமி


திண்டுக்கல்
4.2.1999

அன்பு பெருமாளுக்கு,

நடந்து முடித்தேன்.

29ஆம் தேதி காலை ஐந்தேகாலுக்கு வீட்டிலிருந்து புறப்பட்டேன். இஞ்ஞாசியம்மாள், "வேற சாமிக்காகன்னா நான் விட மாட்டேன். அண்ணனுக்காகன்னா போயிட்டு வாங்க" என்றாள். எட்டரைக்கு ரெட்டியார்சத்திரம். பொழுது சாயும்போது ஒட்டன்சத்திரம். மறுநாள் சத்திரப்பட்டி. மூன்றாம் நாள் காலை அடிவாரம். பால்காவடிகள், மொட்டைத் தலைகளில் சந்தனம், பஞ்சாமிர்தக் கடைகளில் கூட்டம். சட்டைப் பையில் செபமாலையைப் பிடித்தபடி மலையைப் பார்த்து உன் பெயரைச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதை இரண்டு சாமிகளும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனி உன் வார்த்தையைக் காப்பாற்று.

செபஸ்தியான்


மதுரை
22.2.1999

ஏலே வாத்தியாரே,

காலை எடுத்துப் பத்து நாளாச்சு. இல்லாத கால் அரிக்குது. சொறியப் போனா மெத்தைதான் கையில அகப்படுது. இப்ப கிட்னி சரியா வேலை பாக்கலையாம், மூஞ்சி வீங்கிக் கெடக்கு. அறிவு அழுகுறா. கட்டைக்கால் மாட்டிக்கிட்டு இந்த வருஷ மாங்கா பறிப்புக்குத் தோப்புல நாந்தான் நிப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன். பொய்யில்ல, அப்படித்தான் நெனைக்கிறேன்.

ஒண்ணு கேக்கணும். எந்த ஊர்ல பஸ் ஏறுனே?

நேரம், ஊரு, காவடி, கடை எல்லாம் எழுதுன. உள்ளங்காலப் பத்தி ஒரு வரி இல்ல. மூணு நாள் நடந்தவன் முதல் வரியே அதைத்தாம்லே எழுதுவான்! படிச்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. பெறகு ஏன் காலை நீட்டுனேன்னு கேப்ப. பள்ளிக்கூடத்துல கண்ணாடிய ஒடச்சத நாலு பேரும் மறைச்சோம். நீ மட்டும் தானாப் போயி ஒத்துக்கிட்டு அடி வாங்குன. அப்பேர்ப்பட்டவன் எனக்காகப் பொய் எழுத எம்புட்டு நடுங்கியிருப்பான்னு நெனச்சேன். அதுக்கு மேல எனக்கு அடம் பிடிக்கத் தோணல.

ஆனா நேந்தது நேந்ததுதான். மிச்சத்த நடந்து முடிச்சிரு. அவசரமில்ல, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்.

பெருமாள்சாமி


திண்டுக்கல்
1.3.1999

அன்பு பெருமாளுக்கு,

ரெட்டியார்சத்திரம்.

அங்கே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடத்தது. பழனி பஸ் எதிரே வந்து நின்றது. முடியாமல் ஏறினேனா, பயந்து ஏறினேனா என்று இன்றும் தெரியவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பழனியில் ஒரு விடுதி அறையில் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் வெட்கத்துக்கு முன்னால் நிம்மதி வந்தது.

உன்னை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று அறிவு சொன்னாள். நல்லதற்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது எங்களுக்குத் தவக்காலம். வரும் வெள்ளிக்கிழமை ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி அதே மரத்தடியிலிருந்து நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு நேரே நத்தம் வருகிறேன். அதுவரை இரு.

செபஸ்தியான்


ஒட்டன்சத்திரம்
5.3.1999, மாலை

பெருமாளுக்கு,

காய்கறி மார்க்கெட் எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது உள்ளங்காலில் மூன்று கொப்புளம், இடதில் ஒன்று. அதைச் சொல்லத்தான் பூத்திலிருந்து உன் வீட்டுக்குப் போன் போட்டேன்.

அறிவு எடுத்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டாயாம். நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

"இந்தா, பஸ் ஏறி வந்துர்றேம்மா" என்றேன்.

"வேணாம் மாமா" என்றாள். அழுகையோடுதான் சொன்னாள். "காலையில கண்ணு முழிச்சதும், வாத்தியாரு கெளம்பியிருப்பானான்னு கேட்டாரு அப்பா. 'எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவன் பாதியில பஸ் ஏறி வந்து நிப்பான், வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பு'ன்னாரு."

திண்டுக்கல்லில் மாறினால் மூன்று மணி நேரத்தில் நத்தம் வந்துவிடலாம். உன் முகத்தைப் பார்க்கலாம். ஐம்பத்தைந்து வருடமாகப் பார்த்த முகம். இதற்குள் திண்டுக்கல் பஸ் மூன்று போய்விட்டது. இரண்டாவதற்குக் கையைக்கூட நீட்டினேன். நிறுத்திய டிரைவர் திட்டிவிட்டுப் போனார். நான் செய்வது சரியா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு யாரும் இருந்ததில்லை.

விடிந்ததும் நடப்பேன். பத்து மணிக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த நேரம் ரோட்டோரம் நின்று, நத்தம் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து ஒரு பரலோக மந்திரம் சொல்வேன். பிறகு திரும்பி மேற்கே நடப்பேன்.

உன்
செபஸ்தியான்