வகுப்பே சொன்ன வாக்கியம்

மதுரை,
1936, ஆடி மாதம்

அன்புள்ள ஐயாவுக்கு, மகள் இன்னாசியம்மாள் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், லீவு கேட்க சிஸ்டரிடம் ஓடினேன். இந்த டீச்சர் டிரெயினிங் பள்ளியில் எதையும் இங்கிலீஷில் முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். சாப்பிடும்போது 'சால்ட்' என்று மட்டும் சொன்னால் உப்பு வராது. எனக்கோ அழுகையில் 'மதர், ஃபீவர், ஹோம்' என்றுதான் வந்தது. "இதெல்லாம் துண்டு. முழுதாகச் சொல்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கூடப் படிக்கும் பாக்கியம், "ஏன்டி இம்புட்டு அழுவுற? நான் சொல்லித் தாரேன்" என்றாள். மறுநாள் வகுப்பில் எழுந்து, என் அம்மாவுக்குச் சுகமில்லை, நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இங்கிலீஷில் பிழையில்லாமல் சொன்னேன். சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். அதைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே சேர்ந்து சொல்லச் சொன்னார்கள். எல்லாப் பெண்களும் தங்கள் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ராகம் போட்டார்கள். கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். பிறகு அடுத்த பாடம் தொடங்கிவிட்டது. சாயங்காலம் மறுபடியும் போய் நின்றேன். "நன்றாகச் சொன்னாய்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள் ஐயா. நீங்கள் வாசலில் வந்து நின்றால் என்னை விடுவார்கள்.

தபாலுக்கு ஆள் வந்துவிட்டார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று உடனே ஒரு கார்டு போடுங்கள். துண்டாக எழுதினாலும் போதும்.

இன்னாசி