பிரேக்கில் விட்ட எண்ணெய்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், என் தையல் மிஷின் சௌக்கியம், உன் அப்பா முழங்கையில் ஒரு பிளாஸ்திரியோடு சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பிளாஸ்திரி என்றதும் பதறாதே, தோல்தான் உரசியது, எலும்பெல்லாம் பத்திரம். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

அப்பா பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அதில் முதல் ஐந்து மாதம் எப்படி இருந்தார் என்று உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எது கேட்டாலும் ஒரு 'ம்', அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து கொஞ்சம் பேசாமல் இருங்களேன் என்று கெஞ்சியவள் நான், அவர் நிஜமாகவே பேசாமல் இருந்தபோது நானே வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பிறகு ஒருநாள் தானாக எழுந்து போய், பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். நீ பிறப்பதற்கு முன்பே வந்த வண்டி, உன்னைக் குளிப்பாட்டியதை விட அதை அதிகமாகக் குளிப்பாட்டியிருக்கிறார். எஞ்சின் ஓடுது, பிரேக்தான் பிடிக்கலை, நானே கழட்டிப் புதுசாக்கப் போறேன் என்றார். ஐந்து மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான், நான் உடனே தலையை ஆட்டிவிட்டேன். சாப்பாட்டு மேசையைக் கேட்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேசை போயிற்று. சக்கரங்களைக் கழற்றி, நடுவில் பானை மாதிரி இருக்கும் டிரம்மைத் திறந்து, உள்ளேயிருந்து பிறை வடிவத்தில் இரண்டிரண்டு பிரேக் ஷூக்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மில் உரசித்தான் வண்டி நிற்கிறதாம். அந்தப் பழைய தூசியை ஊதவே கூடாது, மூச்சுக்குள் போனால் கெடுதல், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போட வேண்டும் என்றார். நான் தெரியாமல் ஊதித் தொலைத்தேன், ஆய்வகத்தில் பிள்ளைகளைத் திட்டுகிற அதே குரலில் திட்டினார். எனக்குக் கோபமே வரவில்லை, அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தார், 'பின்சக்கரம், இடப்பக்கம், இரண்டாவது வாஷர், சற்றே அழுக்கு' என்று. என் பட்டன் டப்பா ஏழும் அவரிடம் போயிற்று. பள்ளிச் சீருடைக்குப் பட்டன் எடுக்கக் கையை விட்டால் ஸ்பிரிங் வரும். டிரம்முக்குள் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தார், லைனிங் ஒட்டும் கடைக்கு நாலு நடை நடந்தார், ஷூவைத் தள்ளுகிற முனையில் தீக்குச்சி நுனியால் கிரீஸ் தொட்டு வைத்தார். கிரீஸ் கூடிப்போனால் லைனிங்கில் இறங்கிவிடும், அப்புறம் பிரேக் பிடிக்காது என்று எனக்குப் பாடமே நடத்தினார். கவனி, கிரீஸ் என்றுதான் சொன்னார், எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாம் மாட்டி முடித்த அன்று மத்தியானம், வாசலில் வண்டியை உருட்டி பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம். புது லைனிங் அப்படித்தான் கத்தும், பழகிடும் என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். எனக்குக் கீச் சத்தம் ஆகவே ஆகாது, உனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன், டிரம்மின் மூடியில் ஒரு சின்னத் துளை. நாற்பது வருஷமாக மிஷின் மிதிக்கிறவளுக்குத் தெரியாதா, மிஷினில் துளை இருந்தால் அது எண்ணெய் விடத்தான். மனுஷன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார், நாமும் ஒரு கை கொடுப்போமே என்று என் நீளமூக்கு எண்ணெய்க் குப்பியைக் கொண்டு வந்து மூன்று சொட்டு விட்டேன். பாரபட்சம் எதற்கு என்று முன்சக்கரத்துக்கும் மூன்று. சத்தம் நின்றது, எனக்குப் பெருமையோ பெருமை. அது லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற துளை என்று பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் தலையை வாரிக்கொண்டு வண்டியை எடுத்தார். நம் தெருவின் இறக்கத்தில் பாதியில் நிறுத்திக் காட்டுகிறேன் பார் என்று எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். நிற்கவில்லை. கீழ்க்கோடியில் இருக்கிற பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நல்லவேளை, வேகம் அதிகமில்லை, பல் டாக்டர் வீட்டுச் செடிவேலிக்குள் விட்டு நிறுத்தினார். டாக்டரம்மா ஜன்னலைத் திறந்து அப்பாயின்ட்மென்ட் இருக்கா என்று கேட்டார். முழங்கை உரசியது அங்கேதான். வண்டியை வீட்டுக்குத் தள்ளி வந்து டிரம்மைத் திறந்தால் லைனிங் முழுக்கப் பளபளவென்று ஈரம். விரலால் தொட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்திருந்தால் என்ன எண்ணெய் என்று தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. கிரீஸ் ஜாஸ்தியா வெச்சிருக்கேன், கண்ணும் போச்சு கையும் போச்சு என்று சொல்லிவிட்டு, போய் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, முப்பத்திநாலு வருஷக் குடித்தனத்தில் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. மறுநாள் பழைய வண்டி வாங்குகிறவருக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் நான் தைத்ததெல்லாம் கோணல், ஒரு பேன்ட்டுக்கு இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். வண்டி போனால் போகட்டும், மேசை மிச்சம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வேண்டுமென்றே உப்புப் போடாமல் சமைத்து வைத்தேன், அதற்கும் ஒரு 'ம்'. மறுபடியும் அந்த 'ம்'மோடு என்னால் குடித்தனம் பண்ண முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை அந்த ஆள் சின்ன லாரியோடு வந்து, டயரை உதைத்துப் பார்த்து, ஏன் விக்கிறீங்க என்று கேட்டார். அப்பா சொன்னார், இனிமே என் கை இதுக்கு லாயக்கில்லைங்க, போன மாசமே என் பொண்ணு போன்ல சொன்னா, இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் முடியாதுப்பா வித்துடுங்கன்னு, நான்தான் கேக்கலை என்று. முன்பின் தெரியாத ஒருவரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார் கண்ணு, என்னால் தாங்க முடியவில்லை. கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக வெளியே ஓடி, குண்டூசியைத் துப்பிவிட்டு, அது கிரீஸ் இல்லைங்க, என் மிஷின் எண்ணெய், நான்தான் விட்டேன் என்று கத்தினேன். எத்தனை சொட்டு என்றார் அப்பா. மூணு என்றேன். பார்த்தார். ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஆறு என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். சரி, அரைக் குப்பி என்றேன். உனக்கும் மேலே மூன்று என்றுதான் எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், நீயே மனசுக்குள் திருத்திக்கொள்.

திட்டுவார் என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன், மூன்றும் வீண். தன் இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போ நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன் என்றார். லாரிக்காரரிடமும் அதையே ஒருமுறை சொன்னார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். வண்டி விற்பதற்கில்லை என்று கேட்டதும் லாரிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

எண்ணெய் இறங்கிய லைனிங் இனி உதவாது என்று மறுபடி புதுசு ஒட்டினார், டிரம்மை மூன்று தரம் துடைத்தார். கடைசி நட்டை முடுக்கும்போது யாராவது பிரேக்கை அழுத்திப் பிடித்தால்தான் ஷூ இரண்டும் நடுவாக உட்காருமாம். போன தடவை மிதியில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டவர் இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டார். நீ கண் எதிரே இருந்தாத்தான் பத்திரம் என்றார். நேற்று அதே இறக்கத்தில், பாதித் தெருவில், சொன்ன இடத்தில் வண்டி நின்றது. கீச் சத்தம் இன்னும் இருக்கிறது, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். இப்போது ஓயாமல் பேசுகிறார், மாலையில் பிரேக், இரவில் கார்புரேட்டர். காது வலிக்கிறது, வலிக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையின் இருமலை அலட்சியமாக விடாதே. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பா முகர்ந்துகூடப் பார்க்காமல் தன் கைமேல் ஏன் பழியைப் போட்டுக்கொண்டார் என்று இத்தனை நாளாக யோசித்தேன். நீ அவர் மேல் இருக்கிற அக்கறையில்தான் அப்படிச் சொன்னாய், எனக்குத் தெரியும். நானும் அக்கறையில்தான் எண்ணெய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் பண்ணு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து.

உன் அம்மா