ஆறு தாய் எலிகள்

தஞ்சாவூர்,
8.10.2024

அன்புள்ள பரிதிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிப் பார்ப்போம் என்றீர்கள். எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குத்தாலம் போயிருந்தேன். முழங்கால் வலியோடு அத்தை நடவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். "பொங்கலுக்காவது புருஷன் பொண்டாட்டி ஒரே வீட்டுல இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஆராய்ச்சி முடிந்த மாதிரிதான். கர்ப்பகாலச் சர்க்கரைக்குத் தரும் மருந்து குட்டிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்பதுதானே கேள்வி. சினை எலிகள் ஆறில் மூன்றுக்கு மருந்து, மூன்றுக்கு வெறும் தண்ணீர். தாய்க்கு ஆறு குட்டி, குட்டிக்கு இருபது சிறுநீரகத் துண்டு. மொத்தம் எழுநூற்று இருபது அளவு எடுத்துக் கண் பூத்துப்போய்விட்டது. கெடுதல் இல்லை என்றுதான் வருகிறது. "தாராளமா போதும், எழுதிக் குடும்மா" என்கிறார் கைடு. எனக்கு உறுத்துகிறது. புள்ளியியல் உங்கள் தொழில், அளவு அட்டவணையை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். போதும் என்றால் தையில் புனே வந்துவிடுவேன்.

உங்கள்
எழில்

புனே,
15.10.2024

அன்பு எழிலுக்கு,

அட்டவணையைப் பார்த்தேன். எழுநூற்று இருபது போதும். கைடு சொல்வதுதான் சரி. கண்டதையும் நினைத்துக் குழம்பாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வா.

இங்கே சமையல் என்று பேர், மூன்று வேளையும் தயிர்சாதம்தான். ஆபீஸ் விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போதே அலுத்துப்போகிறது. ஐந்து வருஷம் ஆயிற்று. போதும்டி.

பரிதி

தஞ்சாவூர்,
24.10.2024

பரிதிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில் இல்லை. மருந்து கொடுத்தது தாய்க்கு. ஒரு வயிற்றில் பிறந்தவை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். துண்டுகளை எத்தனை அளந்தாலும் என்னிடம் இருப்பது மருந்துப் பக்கம் மூன்று, தண்ணீர்ப் பக்கம் மூன்று தாய்தான். இது உங்களுக்கா தெரியாது? பயிர்க் காப்பீட்டுக்காக நம் ஒரு வயலில் மட்டும் பத்து இடம் அறுத்துவிட்டு ஊர் விளைச்சலை எழுதப் பார்த்த அதிகாரியிடம், "நூறு எடம் அறுத்தாலும் அது ஒரு வயல்தான் சார்!" என்று மல்லுக்கு நின்ற மனுஷன் நீங்கள்.

நான் வரவேண்டும் என்றுதான் பொய் சொல்லியிருக்கிறீர்கள். கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஆனால் இந்த மருந்தை நாளைக்குப் பிள்ளைத்தாய்ச்சிகள் நம்பிச் சாப்பிடுவார்களே! எத்தனை தாய் வேண்டும்? உண்மையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு நீங்கள் இங்கே வரமுடியுமா? இதிலும் பொய் வேண்டாம்.

எழில்

புனே,
9.11.2024

எழிலுக்கு,

தாய்க்குத் தாய் வித்தியாசம் அதிகம் தெரிகிறது. பக்கத்துக்கு எட்டுத் தாயாவது வேண்டும், அதாவது இன்னும் ஐந்தைந்து. புதியவற்றில் தாய்க்கு நாலு குட்டி, குட்டிக்கு ஐந்து துண்டு போதும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை வருஷம் ஆகிவிடும்.

நான் வரமாட்டேன். இனிமேல் காத்திருக்கவும் தெம்பில்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இளம்பரிதி