சொல்லிக்கொடுத்த பதில்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நான் சுகம். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, அப்படி எழுத முடிந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், வெளியே போய்ப் பேசலாம் என்றால் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடிவீட்டு அக்கா அம்மாவோடு இருக்கிறார். நீ இதை அடுப்படியில் நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி, பாதியில் போனை எடுக்காதே.

முதலில் பள்ளிக்கூடத்துக் கதை. அதிலிருந்து வந்தால்தான் மற்றது புரியும். போன வருடத் தேர்வில் நம் பள்ளி மண்ணைக் கவ்வியதும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பாடம் நடத்த ஆள் இருக்கு சார், எப்படிப் படிக்கறதுன்னு சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்ல, நீங்க எடுங்க என்று அதற்கென ஒரு வகுப்பை என் தலையில் கட்டினார். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். பிள்ளைகள் படிக்கிற லட்சணத்தை நீ பார்க்கவேண்டும். ஒருத்தி புத்தகம் முழுக்க மஞ்சள் கலர் அடித்து வைத்திருந்தாள், ஏம்மா இதுல எது முக்கியம் என்றால் எல்லாமே முக்கியம் சார் என்றாள். இன்னொருவன் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எல்லாம் தெரியுது சார் என்றான், புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். பார்த்தால் தெரிகிறது என்பது வேறு, பார்க்காமல் சொல்வது வேறு என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். புத்தகத்தை மூடு, என்ன நினைவிருக்கிறதோ அதைச் சொல், சொல்ல முடியாத இடத்தை மட்டும் திறந்து பார், கொஞ்சம் மறக்கிற நேரம் பார்த்து மறுபடி கேள், கடைசியில் இன்னொருத்தருக்குப் பாடமாக நடத்து. இவ்வளவுதான் என் வித்தை. உனக்கே தெரியும், உன்னை இப்படித்தான் வளர்த்தேன், நீயும் என்னைத் திட்டிக்கொண்டே படித்து மேலே வந்தாய்.

இந்தச் சமயத்தில்தான் அம்மா வேலை பார்த்த மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் வந்தது. எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொடுப்பவள், இந்தப் பொத்தானை அமுக்கு, அந்தப் பெயரை அடி என்றதும் தடுமாறினாள். கடைக்காரர் நல்ல மனுஷர்தான், மெதுவா கத்துக்கங்கம்மா என்றார். அவள் என்னிடம் வந்து, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லித்தர்றீங்க, எனக்கும் சொல்லித்தாங்களேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டைகள் வெட்டினேன், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வகுப்பு. கேட்டவுடனே சொல்வாள், மறுநாள் காலையில் கேட்டால் பதில் மறந்ததோடு போகவில்லை பாப்பா, இந்த அட்டையெல்லாம் ஏது, யார் செஞ்சது, அழகா இருக்கே என்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கவனம் பத்தல, மனசு எங்கயோ மேயுது என்று அதட்டினேன். வகுப்பில் மக்குப் பையனை எப்படி அதட்டுவேனோ அப்படி. இடைவெளியைக் குறைத்துப் பார்த்தேன், அட்டையைக் குறைத்துப் பார்த்தேன். படிக்கிற முறையில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதானே. அதற்குள் கடையில் ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, அவர் வீட்டுக்குப் போவதற்குள் கடைக்காரர் பார்த்து ஓடிப்போய் வாங்கிவந்துவிட்டார். ஓய்வெடுத்துக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் முழங்கால் வலியால் வேலையை விட்டாள் என்று சொன்னது நான்தான்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. சாவி, குதிரை, பாலம், இந்த மூணையும் மனசுல வெச்சுக்கங்கம்மா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுப் பேசினார். திரும்பக் கேட்டபோது அம்மா சாவி என்றாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பிட் அடிக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தே பேர் வாங்கிய நான், வாயசைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, சார் நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு நான் திருந்தியிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்று வார்த்தைகளை எடுத்துக்கொண்டேன். எழுந்ததும் கேட்டேன், குளித்து வந்ததும் கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன். என் வித்தை முழுவதையும் அந்த மூன்று வார்த்தைகள் மேல் இறக்கினேன். ஏறிவிட்டது பாப்பா! அடுத்த முறை டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே சாவி, குதிரை, பாலம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். நல்லா இருக்காங்களே, மனக்கஷ்டத்தாலகூட இப்படி இருந்திருக்கும், மேற்கொண்டு ஸ்கேனெல்லாம் இப்ப வேணாம், சில மாசம் பார்ப்போம் என்றார். நான் ரேங்க் வாங்கிய பிள்ளையின் அப்பன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது சொல்லப்போவதற்கு நீ என்மேல் கோபப்படலாம். அதேபோலத்தான் உன் ஞாயிற்றுக்கிழமை போனுக்கும் அவளைத் தயார் செய்தேன். சனிக்கிழமையே ஆரம்பித்துவிடுவேன். பேரன் பேர் என்ன, என்ன படிக்கிறான், மாப்பிள்ளைக்கு இப்போது எங்கே வேலை, போன வாரம் நீ என்ன சொன்னாய். நீ கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் ரெடி. அவனுக்கு இருமல் நின்னுச்சா என்று அம்மா கேட்டதும் நீ உருகிப்போனாயே, அதுவும் நான் கொடுத்த கேள்விதான். அம்மா நல்லா தெளிவா பேசறாங்கப்பா, ஒண்ணுவிடாம ஞாபகம் வெச்சிருக்காங்க என்று நீ சொல்வாய், எனக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி இருக்கும். உன்னைக் கலங்கவிடக்கூடாது என்று செய்தேன், அது உண்மை. என் மனைவிக்கு ஒன்றுமில்லை என்று நீயாவது சொல்லிக் கேட்கவேண்டும் என்றும் இருந்தது, அதுவும் உண்மை. மருந்து ஆரம்பித்திருக்க வேண்டிய மாதங்கள் அப்படியே போய்விட்டன.

போன வாரம் அந்த நாடகம் முடிந்தது. அவளை உற்சாகப்படுத்தலாம் என்று, இன்னிக்கு நீ டீச்சர், நான் மாணவன், மருந்துக்கடைப் பாடம் நடத்து என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். என்ன அழகாக நடத்தினாள் தெரியுமா! எந்த மருந்தை வெயில் படாமல் வைக்கவேண்டும், எதை எதோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, ஒன்றுகூடத் தப்பில்லை. பழையதெல்லாம் அப்படியே இருக்கிறது. நடுவில் நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துவிட்டு, இருட்டிருச்சே, நீங்க இன்னும் வீட்டுக்குக் கிளம்பலையா சார், உங்க வீட்டுல தேடமாட்டாங்களா என்றாள். விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். கிளம்பறேன் டீச்சர் என்று சிரித்தேன். அவள் எழுந்துபோய் எனக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டு, பார்த்துப் போங்க, படியில வெளிச்சம் இல்ல என்றாள். என் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன், எங்கே போவது என்று தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் தட்டினேன். வந்துட்டீங்களா, ஏன் இவ்வளவு நேரம் என்று கோபித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. நான் மார்க் போடல சார், எங்க ஓட்டை இருக்குன்னு தேடினேன், நீங்க அத அடைச்சு மறைச்சுட்டீங்க என்றார், அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தார்கள். இது ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற வியாதிதான், போனது திரும்பாது, இருப்பது சீக்கிரம் போகாமலிருக்க மருந்து கொஞ்சம் உதவலாம், கேள்வி கேட்டு அவங்கள வாட்டாதீங்க என்றார். அட்டைகளையெல்லாம் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. அதனால் உனக்கு இப்போதே சொல்கிறேன். நீ போன் செய்தால் நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்காதே. அம்மா, நான் பாப்பா பேசறேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு. பேரன் பேர் வராவிட்டால் எடுத்துக்கொடு, தப்பாகச் சொன்னால் திருத்தாதே. நீ அழுதால் அவளும் காரணம் தெரியாமல் அழுவாள், அழுவதை என்னிடம் தனியாக வைத்துக்கொள். பேரன் பரீட்சை முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். பரீட்சை அடுத்த வருடமும் வரும், நீ இப்போது வா.

இன்று காலை மழை. நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன், அம்மா ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, பாப்பா குடை எடுத்துட்டுப் போனாளா, ஸ்கூல் விடறதுக்குள்ள நீங்க ஒரு எட்டுப் போய்க் கொடுத்துட்டு வாங்க என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சரி என்று சொல்லிக் குடையோடு கிளம்பிவிட்டேன்.

உனக்கும் உன் வீட்டுக்கும் எந்தக் கெடுதலும் அண்டாமல் இருக்கட்டும். டிக்கெட் எடுத்ததும் சொல். மாடிவீட்டு அக்காவுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடு, மறக்காதே.

என்றும் உன் நலனையே நினைக்கும்,
அப்பா