இரண்டு கிலோ தண்ணீர்

மார்ச் 3
79.8. எடை எழுபத்தெட்டு கிலோவுக்குள் வந்தால்தான் என் சிறுநீரகத்தை எடுத்து அக்காவுக்கு வைப்பார்களாம். உணவு ஆலோசகர் — நான் வைத்த பெயர் தராசு — கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "யாரும் பாக்காதப்ப எதையாவது கொறிக்கிறீங்களா?" இரண்டு மாதமாக வேகவைத்த காய்தான் தின்கிறேன். கொறிக்கிறேனாம்! அடுத்த சோதனை நான்கு வாரம் கழித்து.

மார்ச் 14
வீட்டில் 77.9. தராசு வந்து பார்க்கட்டும்.

மார்ச் 31
79.3. செருப்பு, கம்மல், கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினேன். மோதிரம் மட்டும் கழலவில்லை, விரல் அப்படி வீங்கியிருக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. தராசு குரலைத் தாழ்த்தி, "மனசில்லைன்னா சொல்லிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார். மனசில்லையா? எனக்கா? அங்கேயே அழுதுவிட்டேன். அக்காவிடம் என்னவென்று சொல்வேன்?

ஏப்ரல் 2
மாதவிலக்கு. இது ஒன்றுதான் குறைச்சல்.

ஏப்ரல் 6
வீட்டில் 77.4. பட்டினி கிடக்கவில்லை, கூடுதலாக நடக்கவும் இல்லை. யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

ஏப்ரல் 8
அக்காவுக்கு டயாலிசிஸ். முன்னும் பின்னும் அவளை எடை பார்ப்பார்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது. தராசு கேட்டதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், உளறிவிட்டேன். இந்த நோட்டைப் பிடுங்கித் தேதிகளைப் புரட்டினாள்.

"ஏண்டி, அவங்க நாலு வாரத்துக்கு ஒருதரம் கூப்பிடறாங்க. உனக்கும் நாலு வாரத்துக்கு ஒருதரம்தான் வருது. ஒவ்வொரு தடவையும் சரியா ரெண்டு நாள் முன்னாடி போய் நிக்கிற! அது கொழுப்பில்லடி, எனக்கு இங்க மிஷின்ல உறிஞ்சி எடுக்கறாங்களே, அதே தண்ணி. என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

என்ன தின்றாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்காவது உறைத்ததா? முப்பத்தாறு வயது, மண்டையில் களிமண்.

ஏப்ரல் 9
சொல்லாமல் கொள்ளாமல் போய் ஏறி நின்றேன். 77.2. தேதிகளைக் காட்டினேன். "நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார் தராசு. அந்த 'மனசில்லைன்னா'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மே 27
நாளைக்கு அறுவை சிகிச்சை. 78.9. தராசு எழுதிக்கொண்டு, "தண்ணிதானே" என்றார். சரி, மன்னித்துவிட்டேன்.

மே 29
சிரித்தால் தையல் இழுக்கிறது. நேற்று மயக்கம் தெளிவதற்குள் மாதவிலக்கும் வந்துவிட்டது, சொல்லிவைத்த மாதிரி.

அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்காவுக்கு ஒன்னுக்குப் பை நிறைஞ்சிடுச்சுடி! அடுத்த பை மாட்டிட்டாங்க!"

இரண்டு வருடமாக ஒரு சொட்டு வராதவளுக்கு.

என்னிடம் இருந்தவரை அந்தச் சிறுநீரகம் மாதாமாதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் காட்டியது! அவளிடம் போனதும் ஒரே நாளில் பொறுப்பு வந்துவிட்டது. நன்றி கெட்ட ஜென்மம். நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.